படமும் பாட்டும் வாங்கும் முன் ஒரு தடவைக் கணக்கு

வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு சந்தில் பழைய சாமான் கடை இருக்கிறது. மூடி இல்லாத மிக்ஸி ஜார், சைக்கிள் பெல், எந்த டிவிக்கு என்றே தெரியாத ரிமோட்டுகள் எல்லாம் அங்கே கிடைக்கும். போன மாதம் ஒரு கோணி நிறைய சிடி, டிவிடி வந்து இறங்கியிருந்தது. யாரோ வீட்டை ஒழித்திருக்க வேண்டும். கடைக்கார பாய் அதை அப்படியே தரையில் கொட்டி, "எது எடுத்தாலும் 10 ரூபா" என்று அட்டையில் எழுதி நிறுத்தியிருந்தார்.

என்னோடு வந்தவன் எங்கள் தெருப் பையன். காட்பாடியில் கல்லூரி முதல் வருஷம் படிக்கிறான். பாட்டு என்றால் போனில் வருவது என்றே வளர்ந்தவன். குனிந்து பொறுக்க ஆரம்பித்தவன் கால் மணி நேரத்தில் 22 டிஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"அண்ணா, 220 ரூபாதான். 22 படம். செம லாபம் இல்ல?"

லாபமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கடை வாசலில் நின்றபடி அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கொடுக்கும் காசை, அதைப் பார்க்கப்போகும் அல்லது கேட்கப்போகும் தடவைகளால் வகுக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. 10 ரூபாய் டிஸ்க்கை ஒரு தடவைகூடப் போடாமல் பரணில் எறிந்தால் 10 ரூபாயும் தண்டம். 300 ரூபாய் கொடுத்து வாங்கிய பாட்டு சிடியை ஐந்து வருஷத்தில் 150 தடவை கேட்டால் தடவைக்கு 2 ரூபாய். டீ விலைகூட இல்லை. குடியாத்தம் கைலி எடுக்கும்போது இந்தக் கணக்கை நாம் எல்லோரும் போடுகிறோம். "கொஞ்சம் விலைதான், ஆனா நாலு வருஷம் உழைக்கும்" என்கிறோம். படம், பாட்டு என்று வந்தால் மட்டும் அட்டையில் எழுதிய விலையோடு கணக்கு நின்றுவிடுகிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் முதலில் தெரிவது, படமும் பாட்டும் ஒரே கூடையில் போட வேண்டிய சாமான்கள் அல்ல என்பது. இரண்டரை மணி நேரப் படத்தை எவ்வளவு பிடித்தாலும் எத்தனை தடவை பார்ப்போம்? பெரும்பாலான படங்களுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஐந்து நிமிஷப் பாட்டு அப்படி இல்லை. குளிக்கும்போது, சமைக்கும்போது, ஆற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என்று ஒரே பாட்டை ஒரு வருஷத்தில் 100 தடவை கேட்டிருப்போம். படம் ஒரு தடவைச் சரக்கு, பாட்டு பல தடவைச் சரக்கு. அதனால் படத்தை வாடகைக்கு எடுப்பதும் பாட்டைச் சொந்தமாக வாங்குவதும் பெரும்பாலும் சரியாக வரும். நம் வீடுகளில் நடப்பது நேர் தலைகீழ்: படத்தை டிஸ்க் டிஸ்க்காக அடுக்கி வைத்துவிட்டு, பாட்டை விளம்பரத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

விதிவிலக்கு உண்டு. வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருந்தால் ஒரே கார்ட்டூன் படம் 60 தடவை ஓடும். அதைச் சொந்தமாக வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

கேசட் காலத்தில் இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆற்காட்டில் நான் பள்ளியில் படித்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. சி-60 கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். ஐந்து நிமிஷப் பாட்டாக 12 பாட்டு பிடிக்கும். சி-90 என்றால் 18. நோட்டுப் பேப்பரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். (அதில் காப்புரிமைச் சிக்கல் இருந்தது என்பதெல்லாம் அப்போது எங்கள் யாருக்கும் உறைத்ததில்லை.) லிஸ்ட் எழுதுவதுதான் பெரிய வேலை. முதலில் 30 பாட்டு வரும். அதை 12 ஆக்க வேண்டும். "இது ஒரு வாரத்துல சலிச்சிடும்" என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவோம். அந்த அடித்தலில்தான் தடவைக் கணக்கு இருந்தது. மிஞ்சிய 12 பாட்டையும் நாடா தேயும் வரை கேட்டோம்.

இன்று 100 ரூபாய் கொடுத்தால் பென் டிரைவில் 2,000 பாட்டு ஏற்றித் தருகிறார்கள். பாட்டுக்கு 5 பைசா. ஆனால் 2,000 பாட்டு என்றால் 10,000 நிமிஷம். ராத்திரி பகல் நிறுத்தாமல் ஓட்டினாலும் கிட்டத்தட்ட ஏழு நாள். யாரும் அப்படிக் கேட்பதில்லை. முதல் 40 பாட்டுதான் திரும்பத் திரும்ப ஓடும், பிடிக்காததைத் தள்ளித் தள்ளி விரல்தான் தேயும். ஷேர் ஆட்டோவில் ஏறிப் பாருங்கள், டிரைவர் ஒரு கை எப்போதும் அந்த அடுத்த பாட்டுப் பொத்தானிலேயே இருக்கும்.

சொந்தம், வாடகை, சந்தா

காசு கொடுக்கும்போது எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும். டிஸ்க், கேசட், இசைத்தட்டு வாங்கினால் பொருள் கைக்கு வருகிறது. நண்பனுக்கு இரவல் தரலாம், பிறகு பாய் கடையில் விற்கலாம். யூடியூப், ஆப்பிள் போன்ற இடங்களில் ஒரு படத்தை வாடகைக்கு எடுத்தால் பெரும்பாலும் 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும், தொடங்கியபின் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஒரு தடவைச் சரக்குக்கு இது போதும். மாதச் சந்தா கட்டினால், கட்டும் வரை உள்ளே எது இருக்கிறதோ அதைப் பார்க்கலாம். உள்ளே இருப்பதும் ஒப்பந்தம் முடிந்தால் வெளியே போய்விடும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று குறித்து வைத்த படம் ஒரு நாள் இருக்காது.

இந்த மூன்றுக்கும் நடுவில் நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் ஏமாற்றுவது: இணையத்தில் "வாங்கு" என்ற பொத்தான். வாடகையைப்போல் மூன்று நான்கு மடங்கு காசு கட்டுவோம், ஆனால் கைக்கு எதுவும் வராது. பார்ப்பதற்கான அனுமதிதான் வருகிறது. அந்தக் கடை இருக்கும் வரை, அந்தக் கணக்கு இருக்கும் வரை, அந்தப் படத்தின் உரிமை அவர்களிடம் இருக்கும் வரை நீங்கள் பார்க்கலாம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. 2025 ஜனவரி முதல் அங்கே ஒரு டிஜிட்டல் கடை, விற்பது அனுமதி மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று எழுதி விற்க முடியாது.

டவுன்லோடு செய்து கையில் வைத்துக்கொள்ளும் எம்பி3 இதில் சேராது. அது பொருள் மாதிரிதான். 2012-ல் ஃப்ளிப்கார்ட் 'ஃப்ளைட்' என்ற பெயரில் அப்படி ஒரு பாட்டுக்கடை திறந்தது. ஒரு பாட்டைச் சில ரூபாய்க்கு வாங்கலாம். அடுத்த வருஷமே மூடிவிட்டார்கள். அதற்குள் பாட்டை இறக்கித் தன் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டவருக்கு இன்றும் ஓடும். கடை போனாலும் சரக்கு போகவில்லை.

ஆக, தடவைக் கணக்கில் ஒரு உட்கணக்கு இருக்கிறது. 100 தடவை கேட்பேன் என்று வகுத்து வைத்தால் போதாது. 100-வது தடவை கேட்கும்போது அது நம்மிடம் இருக்க வேண்டும்.

சந்தாவைப் பொறுத்தவரை பலர் தவறுவது ஒரே இடத்தில்தான்: வருஷச் சந்தா எப்போதும் லாபம் என்ற நினைப்பு. நான் கடைசியாகப் பார்த்தபோது அமேசான் பிரைம் விலை மாதத்துக்கு 299, மூன்று மாதத்துக்கு 599, வருஷத்துக்கு 1,499. இதை வேலூர்க் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்கள் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ஒருவர் அம்மாவின் சிகிச்சைக்காக 40 நாள் இருக்கிறார், சாயங்காலம் பொழுது போகவில்லை. ஒவ்வொரு மாதமாகக் கட்டினால் இரண்டு மாதத்துக்கு 598. மூன்று மாதத் திட்டம் 599. ஒரு ரூபாய் கூடப் போட்டால் ஒரு மாதம் கூடக் கிடைக்கிறது. மூன்று மாதத் திட்டம் இரண்டு, தனி மாதம் ஒன்று என்று ஏழு மாதம் சேர்த்தால் 1,497. ஆக, ஏழு மாதத்துக்குள் முடிகிற தேவைக்கு வருஷச் சந்தா எந்த விதத்திலும் சேமிப்பு இல்லை. எட்டாவது மாதத்தில்தான் அது ஜெயிக்கிறது. உங்கள் வீட்டில் வருஷத்தில் எட்டு மாதம் அதைத் திறக்கிறீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதிலும் 2025 ஜூன் முதல் அவர்கள் படத்துக்கு நடுவே விளம்பரம் போடுகிறார்கள். விளம்பரம் வேண்டாமென்றால் அதற்குத் தனிக் காசு. விலை ஏறாமலே விலை ஏறுவது இப்படித்தான்.

தானாகக் காசு பிடிக்கும் ஏற்பாட்டையும் கவனியுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வந்தாக வேண்டும். வருகிறது, நாம்தான் படிப்பதில்லை. யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் அந்தச் செயலியிலேயே ஆட்டோபே பகுதியில் போய் நிறுத்திவிடலாம். நான் ஒரு பாட்டுச் செயலிக்கு 14 மாதம் கட்டியிருக்கிறேன், அதில் 11 மாதம் திறக்கவே இல்லை. மீதி மூன்று மாதத்தில் நான் கேட்ட பாட்டு ஒவ்வொன்றும் என்ன விலை பட்டிருக்கும் என்று வகுத்துப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அப்புறம் திரை. நெட்ஃப்ளிக்ஸில் நான் பார்த்த விலைகள் 149, 199, 499, 649. 149 மொபைலுக்கு மட்டும். 199-ல் 720பி (நெடுக்கே 720 புள்ளிகள்), 499-ல் ஃபுல் எச்டி, 649-ல் 4கே. "டிவிக்கு நல்லா இருக்கட்டும்" என்று மேல் விலையைக் கட்டுகிறார்கள். உங்கள் டிவி 32 அங்குலமா? அந்த அளவில் விற்பதில் பெரும்பாலானவை எச்டி ரெடி என்ற வகை. குறுக்கே 1,366, நெடுக்கே 768 புள்ளிகள். 4கே படத்தில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 புள்ளிகள், மொத்தம் 83 லட்சம். அதில் பத்து லட்சத்துச் சொச்சத்தைத்தான் உங்கள் டிவி காட்ட முடியும். மீதிக்குக் கட்டும் காசு பாலாற்றில் விட்ட தண்ணீர் மாதிரி, மணல் குடித்துவிடும். அந்த டிவிக்கு 199 போதும். வித்தியாசம் மாதம் 450, வருஷத்துக்கு 5,400. ஒரே ஒரு வித்தியாசம், 649-ல் நாலு பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம், 199-ல் ஒருவர்தான். வீட்டில் சண்டை வருமா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலும் இதே கதைதான். சிடியில் இருக்கும் சத்தத்தின் அளவு நொடிக்கு 1,411 கிலோபிட். 128 கிலோபிட் எம்பி3 என்றால் அதைப் பதினோரில் ஒரு பங்காகச் சுருக்கியது. ஒரே டிஸ்க்கில் 150 பாட்டு அடைத்து விற்றார்களே, அது. 320 எம்பி3 நல்ல தரம், பெரும்பாலான காதுகளுக்குப் போதும். உயர்தர ஒலிக்கென்று கூடுதல் சந்தா கட்டிவிட்டு அதைச் சாதாரண புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டால், புளூடூத்தே அதைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. வயர் வைத்த நல்ல ஹெட்போன் இல்லாதவர் அந்தக் கூடுதல் காசைக் கட்ட வேண்டாம்.

கோணியிலிருந்து எதை எடுப்பது

இனி பாய் கடைக்கு வருவோம். பையன் கையிலிருந்த 22 டிஸ்க்கையும் வாங்கி மேஜையில் பரப்பினேன்.

முதலில் அடிப்பக்கத்து நிறம். கம்பெனியில் அச்சு வார்த்து எடுத்த டிஸ்க் வெள்ளி மாதிரிப் பளபளக்கும். கம்ப்யூட்டரில் எரித்தது (அதாவது வெற்று டிஸ்க்கில் பதிந்தது) பச்சை, நீலம் அல்லது ஊதா சாயலில் இருக்கும். அதில் சாயப் பூச்சு ஒன்று இருக்கிறது, வெயிலிலும் வெக்கையிலும் அது மங்கும். நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 22-ல் 13 ஊதா. ஒருமுறை நானே ஏமாந்திருக்கிறேன். பிளாட்பாரக் கடை ஒன்றில் வழவழ அட்டையோடு "ஒரிஜினல் சார்" என்று கொடுத்ததை அடிப்பக்கம் திருப்பிப் பார்க்காமல் வாங்கி வந்தேன். இடைவேளை போடும் நேரத்தில் கதாநாயகன் வாயைத் திறந்தபடி நின்றவன்தான், அதற்குமேல் நகரவே இல்லை.

டிவிடியின் அடிப்பக்கம் லேசாகத் தங்க நிறம் அடித்தால் சந்தோஷப்படுங்கள். அது இரண்டு அடுக்கு டிஸ்க். ஒரு அடுக்கில் 4.7 ஜிபி என்றால் இதில் 8.5 ஜிபி. படத்துக்கு மூச்சுவிட இடம் அதிகம். இதை வைத்து "5 இன் 1" டிஸ்க்குகளைப் பாருங்கள். 4.7 ஜிபியில் ஐந்து படம் என்றால் படத்துக்கு ஒரு ஜிபிகூட இல்லை. இரண்டரை மணி நேரப் படத்துக்கு அதை வகுத்தால் நொடிக்கு 0.84 மெகாபிட் வருகிறது. பழைய விசிடியிலேயே படத்துக்கு மட்டும் 1.15 மெகாபிட் கொடுத்தார்கள். டிவிடி என்ற பெயரில் விசிடியைவிட மோசமான ஒன்றை, ஐந்து மடங்கு லாபம் என்று நினைத்து வாங்கியிருக்கிறோம். பையன் கையில் அப்படி ஆறு இருந்தன. அவை அந்த 13 ஊதாவிலேயே அடக்கம்.

ஒரிஜினலா என்று சட்டம் வழியாகவும் பார்க்கலாம். காப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி, விற்பனைக்கு வரும் பட டிஸ்க்கில் தணிக்கைச் சான்றிதழின் நகல், தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமை பெற்றதற்கான அறிவிப்பு எல்லாம் இருக்க வேண்டும். பாட்டு டிஸ்க்கில் உரிமையாளர் பெயர், முகவரியோடு முதலில் வெளியான வருஷமும் வேண்டும். திருட்டு டிஸ்க் அட்டையில் கதாநாயகி படம் பெரிதாக இருக்கும், முகவரி இருக்காது. நடு ஓட்டையைச் சுற்றி ஐஎஃப்பிஐ (IFPI, உலக ஒலிப்பதிவுக் கம்பெனிகளின் சங்கம்) என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு எண்ணும் பொடியாகப் பதிந்திருந்தால் முறையான தொழிற்சாலைச் சரக்கு என்று நம்பலாம்.

அடுத்து கீறல். எல்லோரும் அடிப்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். சிடியைப் பொறுத்தவரை ஆபத்து மேல்பக்கம். 1.2 மில்லிமீட்டர் தடிமனில் பாட்டு பதிந்த அடுக்கு இருப்பது மேலே, லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய பூச்சு ஒன்றின் பாதுகாப்பில். அடியில் விழும் லேசான கீறல் பிளாஸ்டிக்கில்தான் விழுகிறது, பெரும்பாலும் ஓடிவிடும். மேலே பேனா முனையால் கிழித்திருந்தால் பாட்டே போச்சு. நான் பாயின் டியூப்லைட்டுக்கு எதிரே ஒவ்வொரு சிடியாகப் பிடித்துப் பார்த்தேன். ஊசி குத்திய மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே வெள்ளிப் பூச்சு உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று நட்சத்திர வானம் மாதிரி இருந்தது. திரும்பக் கோணிக்கே போனது. டிவிடியில் இந்தப் பயம் குறைவு, 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டி நடுவில்தான் படத்தை வைத்திருக்கிறார்கள். துடைப்பது எதுவானாலும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைத்தால், கீறல் விழும்போது பாட்டு ஓடும் பாதையிலேயே நீளமாக விழும்.

கோணியில் மோசர் பேர் என்ற டிஸ்க் கம்பெனியின் அட்டைகள் நிறையக் கிடந்தன. 2007-ல் அவர்கள் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறங்கியபோது ஒரிஜினலே திருட்டு டிஸ்க் விலைக்கு வந்துவிட்டது. மளிகைக் கடையில்கூடத் தொங்கியது. கம்பெனி 2018-ல் கலைப்புக்குப் போனது. டிஸ்க்குகள் இன்னும் ஓடுகின்றன. அன்று 34 ரூபாய் கொடுத்தவர் வாங்கியது அனுமதி அல்ல, பொருள். அதனால்தான் அது இன்று பாய் கடைக்கு வந்திருக்கிறது.

இசைத்தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள், வளைந்திருந்தால் வேண்டாம். நிமிஷத்துக்கு 78 சுழற்சித் தட்டுக்கு வேறு ஊசி வேண்டும், 33 சுழற்சித் தட்டின் ஊசியை வைத்து ஓட்டக்கூடாது. புதிதாக இதில் இறங்குபவர் தட்டுக்குக் கொடுப்பதைவிடப் பிளேயருக்குத்தான் அதிகம் கொடுப்பார். ஆசை என்றால் சரி, கணக்கு என்றால் வராது.

ஊதா என்றாலே ஒதுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்த நான் ஓர் ஊதா டிஸ்க்கைக் கண்டு நின்றுவிட்டேன். ஜெராக்ஸ் எடுத்த அட்டை. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய கர்ணன் வேஷம். செய்யாறு பக்கத்துக் கூத்துக் குழு (ஜமா என்பார்கள்) ஒன்று தாங்களே பதிந்து திருவிழாவில் விற்றது. வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் இப்படி விற்பார்கள். எந்தச் செயலியில் தேடினாலும் அந்தக் குழுவின் அந்த ராத்திரி கிடைக்காது. கையால் எரித்ததுதான், திருட்டு இல்லை. அதைச் செய்ய உரிமையுள்ளவர்களே செய்தது. வேறெங்கும் கிடைக்காத சரக்குக்குத் தடவைக் கணக்கை நான் போடுவதில்லை. ஆனால் ஊதாவின் ஆயுள் ஊதாவின் ஆயுள்தான். வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்காக இப்படி ஒரு பிரதி வைத்துக்கொள்ள நம் சட்டம் இடம் தருகிறது. பத்துப் பேருக்கு எரித்து விற்கத்தான் கூடாது.

காசே கொடுக்காமல் முறையாகக் கிடைப்பதும் உண்டு. படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் இந்தியாவில் காப்புரிமை 60 ஆண்டு. 1960-ல் வந்த படத்துக்கு 2020 டிசம்பரோடு முடிந்தது. (அதிலிருக்கும் பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு, எழுதியவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு, வெறுமனே பார்க்கிற நமக்கு அது குறுக்கே வராது.) பல கம்பெனிகள் தங்கள் பழைய படங்களைத் தாங்களே முழுசாக யூடியூபில் போட்டு வைத்திருக்கின்றன. பையன் எடுத்திருந்த வெள்ளி டிஸ்க்குகளில் மூன்று அப்படி இலவசமாகவே கிடைப்பவை. கடை வாசலிலேயே போனில் தேடிக் காட்டினேன், அவன் முகம் கொஞ்சம் தொங்கிப் போனது.

எளிமைக்கும் ஒரு விலை உண்டு என்பதை என் மாமாவிடம் கற்றுக்கொண்டேன். குடியாத்தத்தில் இருக்கிறார், 74 வயது. போனில் எல்லாப் பாட்டும் இலவசம் என்று பேரன் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தான், பத்துத் தடவையும் அவர் யாருக்கோ கால் போட்டுவிட்டார். கடைசியில் சரிகம கார்வான் பெட்டி ஒன்றை ஆறாயிரம் ரூபாய் பக்கம் கொடுத்து வாங்கிக் கொடுத்தோம். 5,000 பாட்டு, ஒரு திருகு. இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் ஓடுகிறது. நாளைக்கு 8 ரூபாய்ச் சொச்சம். இலவசமாகக் கிடைத்த 10 கோடிப் பாட்டில் அவர் ஒன்றுகூடக் கேட்டதில்லை.

அன்று கடைசியில் பையனிடம் மிஞ்சியது நாலு டிஸ்க். அவன் தங்கைக்கு ஒரு கார்ட்டூன், இரண்டு பாட்டு சிடி, கூத்து. 40 ரூபாய் எடுத்து நீட்டியவன் பாதியில் கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணா, இதை எதுல போடறது? என் லேப்டாப்ல டிஸ்க் போடற இடமே இல்லையே."

அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. யுஎஸ்பி வயரில் மாட்டும் டிஸ்க் டிரைவ் வாங்கலாம் என்று நான் ஆரம்பிப்பதற்குள் பாய் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு டிவிடி பிளேயரை இழுத்துத் தூசி தட்டினார். 250 என்றார். ஓட்டிக் காட்டினால்தான் ஆச்சு என்றேன். தட்டு பாதி வந்து நின்றது. பாய் ஒரு விரலால் இழுத்துவிட்டார். முதலில் கார்ட்டூன், ஓடியது. அடுத்து கூத்து. கொஞ்ச நேரம் உர்ரென்று சுற்றிவிட்டு, கூத்துக்கு ஊதும் முகவீணை திடீரென்று சந்து முழுக்கக் கிளம்பியது. எதிர்க்கடையில் கயிறு விற்கும் பெரியவர் எழுந்து வந்து வாசலில் நின்றார். "எந்த ஊரு ஜமா இது?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கையால் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

பையன் போனில் கால்குலேட்டரைத் திறந்தான். "250-ஐயும் 40-ஐயும் கூட்டி எத்தனையால வகுக்கணும்ணா?"

பாய் பிளேயரைக் கேரி பேக்கில் போட்டுக்கொண்டே சொன்னார்: "வகுக்கறத வூட்ல போய் வகுத்துக்கோ தம்பி. நான் கடை சாத்தணும், மொதல்ல பணத்த குடு."